உடலைப் பார்ப்பது யார்? ஓவியர் அம்ரிதா ஷெர்கில் வாழ்ந்த 28 ஆண்டுகள்

தென்காசி மாவட்டம் சங்கரன்கோவிலில் ஆடித்தபசு நடக்கும் நாளில் கூட்டம் நெரியும். வலப்பாதி சிவன், இடப்பாதி திருமால் என ஒரே உடலில் இரண்டு தெய்வங்கள் நிற்கும் சங்கரநாராயணரைப் பார்க்க வருகிறவர்கள், புற்றுமண்ணைப் பூசிக்கொண்டு பிரகாரம் சுற்றுவார்கள். சுற்றும்போது கல்லில் நிற்கும் எத்தனையோ உருவங்களைக் கடந்து போவார்கள். அவற்றில் பலவற்றுக்கு மேலாடை கிடையாது. குழந்தையைத் தோளில் வைத்திருக்கும் அப்பாவோ, பூ வாங்கி வரும் பாட்டியோ அதைப் பார்த்துத் திடுக்கிடுவதில்லை. பல தலைமுறையாகப் பார்த்துப் பழகிய கண்.

அதே ஊர், விசைத்தறிக்கும் சேலைக்கும் பெயர் போன ஊர். உடலை மூடும் துணியை நெய்து பிழைக்கும் தெருக்கள் அங்கே உண்டு. கோயிலில் பார்த்த அதே மேலாடையில்லா உருவத்தை ஒரு பெண் கேன்வாஸில் வரைந்து, வீட்டுக் கூடத்தில் மாட்டினால்? அப்போது பேச்சே வேற மாதிரி போகும். யார் வரைந்தது, யாரைப் பார்த்து வரைந்தது, எதுக்கு வரைந்தது என்று கேள்விகள் வரும்.

அந்த மூன்று கேள்விகளையும் வாழ்க்கை முழுக்கச் சந்தித்தவர் அம்ரிதா ஷெர்கில். 1913-ல் பிறந்து 1941-ல் இறந்தவர். இந்திய நவீன ஓவியத்தின் தொடக்கப் பெயர்களில் ஒன்று. பாரிஸில் ஆடையில்லா மாடல்களைப் பார்த்து வரையக் கற்று, தன் உடலையே வரைந்து, பிறகு தென்னிந்தியாவுக்கு வந்து தன் ஓவியத்தின் திசையையே மாற்றிக்கொண்டவர். அவர் கதையைப் புரிந்துகொள்ள, முதலில் ஐரோப்பாவில் இந்த 'நிர்வாண ஓவியம்' என்பது எப்படி ஒரு பாடமாக ஆனது என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

ஐரோப்பாவில் நிர்வாணம் எப்படிப் பாடமானது?

கிரேக்கச் சிற்பிகள் முதலில் ஆண் உடலைத்தான் ஆடையில்லாமல் செதுக்கினார்கள். கி.மு. 4-ம் நூற்றாண்டில் ப்ராக்ஸிடிலீஸ் என்ற சிற்பி, க்னிடோஸ் நகரத்துக்காக அஃப்ரோடைட்டி தேவதையை ஆளுயரத்தில் ஆடையின்றிச் செதுக்கியது ஒரு பெரிய திருப்பம். பின்னாளில் வந்த எத்தனையோ வீனஸ் சிலைகளுக்கு அதுதான் மூலம்.

கிறிஸ்தவ ஐரோப்பாவில் இது நேர்கோட்டில் போகவில்லை. வாடிகனின் சிஸ்டைன் தேவாலயச் சுவரில் மைக்கலாஞ்சலோ 1541-ல் முடித்த 'இறுதித் தீர்ப்பு' ஓவியத்தில் ஏராளமான ஆடையற்ற உருவங்கள் இருந்தன. அவர் இறந்த கொஞ்ச காலத்திலேயே, 1565-ல், டேனியல் ட வோல்டெரா என்ற ஓவியரை வைத்து அந்த உருவங்கள் சிலவற்றுக்குத் துணி வரையப்பட்டது. பாவம், அந்த ஓவியருக்குக் 'கால்சட்டைக்காரர்' என்ற பட்டப்பெயரே நிலைத்துவிட்டது.

ஆனால் ஓவியப் பள்ளிகளில் மட்டும் நிர்வாண உடல் அடிப்படைப் பாடமாக உறுதியாக நின்றது. காரணம் எளிது. அந்தக் காலத்தில் மிக உயர்ந்த ஓவியம் என்று கருதப்பட்டது வரலாறு, புராணம், வேதாகமக் காட்சிகளை வரைவது. அதில் பல மனித உருவங்கள் வரும். தோள் எப்படித் திரும்பும், முதுகுத் தசை எப்படி இழுபடும் என்று தெரியாமல் அதை வரைய முடியாது. அதனால் ஒரு மாடல் மேடையில் நிற்பார், மாணவர்கள் சுற்றி உட்கார்ந்து கரித்துண்டால் வரைவார்கள். வருஷக்கணக்கில் இதே பயிற்சி.

பெண்களுக்கு மட்டும் ஏன் கதவு மூடியிருந்தது?

இங்கதான் சிக்கல். அந்த வகுப்புக்குள் பெண்கள் நுழைய முடியாது. மாடலாகப் பெண் நிற்கலாம். ஆனால் வரைகிற இடத்தில் பெண் உட்காரக் கூடாது.

லண்டன் ராயல் அகாடமி 1768-ல் தொடங்கியபோது அதன் நிறுவன உறுப்பினர்களில் இரண்டு பேர் பெண்கள்: ஏஞ்சலிகா காஃப்மன், மேரி மோசர். ஜோஹன் ஜோஃபனி என்ற ஓவியர் 1771-72-ல் அகாடமி உறுப்பினர்கள் எல்லாரையும் ஒரே ஓவியத்தில் வரைந்தார். காட்சி நடப்பது ஆடையில்லா மாடல் இருக்கும் அறை. அதனால் அந்த இரண்டு பெண்களும் அறைக்குள் இல்லை. சுவரில் தொங்கும் படங்களாக மட்டும் இருக்கிறார்கள். உறுப்பினர்தான், ஆனாலும் உள்ளே இடமில்லை.

இதைக் கூச்சம், கௌரவம் என்று மட்டும் பார்த்தால் பாதிதான் புரியும். மீதிப் பாதி தொழில். உடலை வரையத் தெரியாதவர் பெரிய ஓவியம் வரைய முடியாது. பெரிய ஓவியம் வரையாதவருக்குப் பெரிய பரிசு, பெரிய ஆர்டர், பேராசிரியர் பதவி எதுவும் கிடைக்காது. ஒரே ஒரு வகுப்பறைக் கதவை மூடியதால் ஒரு முழுத் தொழிலின் மேல்படிகளே மூடிப்போயின. பூக்கள், பழங்கள், முக ஓவியங்கள் இவற்றோடு பெண் ஓவியர்கள் பலர் நின்றுபோனதற்குத் திறமை காரணமல்ல.

பாரிஸின் புகழ்பெற்ற அரசு ஓவியப் பள்ளியான எக்கோல் தெ போஸார் பெண்களைச் சேர்த்துக்கொண்டது 1897-ல்தான். அந்தக் கதவு திறந்து முப்பது ஆண்டுகள் கழித்து அதன் வழியாக உள்ளே போனவர்களில் ஒருவர், சிம்லாவிலிருந்து வந்த ஒரு பதின்வயதுப் பெண்.

இரண்டு நாட்டு மகள்

அம்ரிதா 1913 ஜனவரி 30 அன்று ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகரில் பிறந்தார். அப்பா உம்ராவ் சிங் ஷெர்கில், பஞ்சாபின் மஜீதியா என்ற செல்வாக்கான சீக்கியக் குடும்பத்தைச் சேர்ந்தவர். சம்ஸ்கிருதம், பாரசீகம் படித்த அறிஞர். அம்மா மேரி அந்துவானெட் ஹங்கேரியைச் சேர்ந்த இசைப் பாடகி. மகாராஜா துலீப் சிங்கின் மகள் இளவரசி பம்பாவின் தோழியாக லாகூர் வந்தபோது உம்ராவ் சிங்கைச் சந்தித்தார். 1912-ல் திருமணம்.

உம்ராவ் சிங்குக்கு ஒரு விநோதமான பழக்கம் இருந்தது. கேமராவைத் தன் பக்கமே திருப்பி வைத்துத் தன்னைத்தானே படம் எடுப்பார். இன்றைக்கு எல்லார் கையிலும் இருக்கும் செல்ஃபி பழக்கம், அவரிடம் ஒரு நூற்றாண்டுக்கு முன்பே இருந்தது. தலைப்பாகையோடு, புத்தகத்தோடு, சில படங்களில் கோவணம் மட்டும் கட்டி, விரதத்தால் மெலிந்த உடம்போடு. உடலை வெட்கமில்லாமல், அதே சமயம் அலட்டலும் இல்லாமல் பார்க்கும் ஒரு பார்வை அந்த வீட்டில் ஏற்கெனவே இருந்தது. அம்ரிதாவும் தங்கை இந்திராவும் அந்தக் கேமராவின் முன்னால்தான் வளர்ந்தார்கள்.

முதல் உலகப் போர் காரணமாகக் குடும்பம் ஹங்கேரியிலேயே மாட்டிக்கொண்டது. 1921-ல்தான் இந்தியா வந்து சிம்லாவில் குடியேறினார்கள். அங்கே கான்வென்ட் பள்ளியில் சேர்ந்த அம்ரிதா, தனக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை என்று வெளிப்படையாகச் சொன்னதால் வெளியேற்றப்பட்டார்.

பள்ளி போனாலும் பாடம் நிற்கவில்லை. இந்தியவியல் அறிஞரும் ஓவியம் படித்தவருமான தாய்மாமா எர்வின் பாக்தய் 1926-ல் சிம்லாவுக்கு வந்தார். மனசுக்குத் தோன்றும் இளவரசிகளை வரைவதை விட்டுவிட்டு, கண் முன்னால் இருக்கும் மனிதர்களைப் பார்த்து வரையச் சொன்னவர் அவர்தான். வீட்டு வேலைக்காரர்கள் மாடல்களாக உட்கார்ந்தார்கள். பார்த்து வரைவது என்ற பழக்கம் அங்கே தொடங்கியது.

பாரிஸ்: மாடல் மேடையின் இந்தப் பக்கம்

1929-ல், 16 வயதில், அம்ரிதா குடும்பத்தோடு பாரிஸ் போனார். முதலில் மோன்பார்னாஸ் பகுதியில் இருந்த கிராந் ஷோமியேர் என்ற ஓவியக்கூடம். பிறகு எக்கோல் தெ போஸாரில் லூசியன் சிமோனின் வகுப்பு. 1934 வரை அங்கேயே.

அந்த ஐந்து ஆண்டுகளில் அவர் ஏராளமான நிர்வாண உடல்களை வரைந்தார். கரித்துண்டிலும் எண்ணெய் வண்ணத்திலும், பெண் மாடல்களையும் ஆண் மாடல்களையும். மருத்துவக் கல்லூரி மாணவர் எலும்புக்கூட்டைப் படிப்பது போல, ஓவிய மாணவருக்கு இது அன்றாட வேலை. ஒரு மாடல் மணிக்கணக்கில் அசையாமல் நிற்பார், கால் மரத்துப்போகும், குளிரும். வகுப்பு முடிந்ததும் கூலியை வாங்கிக்கொண்டு போவார்.

அந்தக் கூலிக்காரப் பெண்ணைத்தான் 1933-ல் 'தொழில்முறை மாடல்' என்ற ஓவியத்தில் அம்ரிதா வரைந்தார். படத்தில் இருப்பவர் வீனஸ் இல்லை. இளமை போன, மெலிந்து தளர்ந்த உடம்பு. முகத்தில் களைப்பு. ஐரோப்பிய நிர்வாண ஓவியங்களில் பெண் உடல் பெரும்பாலும் யாரோ ஒருவரின் கண்ணுக்கு விருந்தாகப் படுத்திருக்கும். இந்த ஓவியத்தில் பார்க்கிறவருக்கு விருந்து எதுவும் கிடையாது. உடலை வேலையாகக் கொடுத்துக் கொடுத்து ஓய்ந்துபோன ஒரு மனுஷிதான் எதிரில் உட்கார்ந்திருக்கிறார்.

அதே ஆண்டு 'உறக்கம்' என்ற ஓவியம் வந்தது. இதில் ஆடையின்றித் தூங்கும் இளம்பெண் தங்கை இந்திரா. உடல் அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் அது யாரையும் அழைக்கவில்லை. நம்பிக்கையான ஒருவர் பக்கத்தில் இருக்கும்போது வரும் தூக்கம் அது.

இதற்கு முந்தைய ஆண்டு வரைந்த 'இளம் பெண்கள்' ஓவியத்தில் இந்திராவும் ஒரு பிரெஞ்சுத் தோழியும் எதிரெதிரே உட்கார்ந்திருப்பார்கள். அந்த ஓவியம் 1933-ல் பாரிஸ் கிராந் சலோன் கண்காட்சியில் தங்கப் பதக்கம் பெற்றது. சலோனின் இணை உறுப்பினராகவும் அம்ரிதா தேர்வானார். அப்போது வயது 20. அந்த இடத்தை அடைந்த மிக இளையவர், ஒரே ஆசியர்.

தன் உடலைத் தானே வரைந்தபோது

1934-ல் அம்ரிதா வரைந்த ஒரு ஓவியம் இன்று வரை விவாதத்தில் இருக்கிறது. பெயர், 'தாஹித்திப் பெண்ணாகத் தன்னோவியம்'.

இதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. பால் கோகேன் என்ற பிரெஞ்சு ஓவியர் 1891-ல் பசிபிக் கடலில் இருக்கும் தாஹித்தி தீவுக்குப் போனார். அது பிரான்ஸின் காலனி. அங்கிருந்த இளம்பெண்களை, பதின்வயதுச் சிறுமிகளையும்கூட, மேலாடையில்லாமல் வரைந்தார். அந்த ஓவியங்கள் ஐரோப்பாவில் பெரும் புகழ் பெற்றன. வண்ணம், கோடு இரண்டிலும் அவர் மேதை. அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்தப் பெண்கள் யார், அவர்கள் சம்மதித்தார்களா, தங்களைப் பற்றி என்ன நினைத்தார்கள் என்பதற்கு அந்த ஓவியங்களில் இடமில்லை. அவர்கள் ஐரோப்பியர் ஒருவரின் கனவுத் தீவில் நிற்கும் உருவங்கள்.

கோகேனின் ஓவியங்களை விரும்பிப் படித்தவர் அம்ரிதா. பாரிஸில் அவரையும் 'கீழைநாட்டு அழகி' என்று பார்த்த கண்கள் உண்டு. அவர் என்ன செய்தார் தெரியுமா? கோகேனின் மாடல் நின்ற இடத்தில் தானே போய் நின்றுகொண்டார். மேலாடையில்லாமல், கைகளை முன்னால் குறுக்கே வைத்து, பார்வையைப் பக்கவாட்டில் திருப்பி. பின்னால் சுவரில் ஒரு ஆணின் நிழல் விழுகிறது.

பார்க்கப்படும் பெண்ணும் அவரே, தூரிகை பிடித்திருப்பவரும் அவரே. நிழலாக நிற்கும் ஆணுக்கு முகம் கிடையாது. ஓவிய வரலாற்றில் பல நூறு ஆண்டுகள் நடந்த ஒரு ஏற்பாட்டை அவர் ஒரே ஓவியத்தில் தலைகீழாக்கிவிட்டார்.

ஆனால் அந்த முகத்தில் வெற்றிச் சிரிப்பு இல்லை. பார்க்கப்படுவதன் பாரம் தெரிகிறது. அதனால்தான் இந்த ஓவியத்தை வெறும் துணிச்சல் என்று மட்டும் சொல்லி முடித்துவிட முடிவதில்லை.

திரும்பி வந்த இடத்தில் கிடைத்தது என்ன?

1934 கடைசியில் அம்ரிதா இந்தியா திரும்பினார். தன் ஓவியத்துக்கான இடம் இதுதான் என்று முடிவு செய்திருந்தார். ஆனால் இந்தியா அவருக்குக் கம்பளம் விரிக்கவில்லை. 1935-ல் சிம்லா கலைச் சங்கத்தின் கண்காட்சிக்குப் பத்து ஓவியங்கள் அனுப்பினார். ஐந்தைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஏற்றுக்கொண்டவற்றில் ஒன்றுக்குப் பரிசு கொடுத்தபோது, அந்தப் பரிசை அவர் திருப்பி அனுப்பினார்.

அந்தக் கோபத்துக்குத் தொழில் ரீதியாகக் கொடுத்த விலை பெரியது. அவர் ஓவியங்கள் விற்கவில்லை. பாராட்டு வந்தது, 1937-ல் பம்பாய் கலைச் சங்கத்தின் தங்கப் பதக்கம் வந்தது, பத்திரிகைகள் எழுதின. காசு மட்டும் வரவில்லை. வாங்குகிறவர்களுக்குப் பிடித்தது ராஜா ரவிவர்மா பாணியில் பளபளக்கும் தேவியர்கள், இல்லையென்றால் வங்காளப் பாணியின் மென்மையான புராணக் காட்சிகள். அம்ரிதா வரைந்ததோ கறுத்த, மெலிந்த, பேசாத மனிதர்களை. ஹைதராபாத்தில் பெரிய கலைச் சேகரிப்பாளரான சாலார் ஜங் அவருடைய ஓவியங்களைப் பார்த்தார். வாங்கவில்லை.

தெற்கே வந்த பயணம்

1936 நவம்பரில் பம்பாய் தாஜ் ஹோட்டலில் கண்காட்சி முடிந்ததும் அம்ரிதா தெற்கே கிளம்பினார். வழியில் அஜந்தா, எல்லோரா. குகைச் சுவரில் 1,400 ஆண்டுகளுக்கும் மேலாக நிற்கும் உருவங்களைப் பார்த்ததும் அவர் பாதை மாறியது. அஜந்தாவில் இளவரசிகளுக்கும் பணிப்பெண்களுக்கும் மேலாடை இல்லை. ஆனால் அங்கே யாரும் 'ஆடை களைந்து' நிற்கவில்லை. அது அவர்கள் இருக்கும் விதம், அவ்வளவுதான். பாரிஸ் வகுப்பில் மேடைமேல் நின்ற மாடலுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம்.

பிறகு திருவனந்தபுரம், கன்னியாகுமரி, கொச்சி. கொச்சியின் மட்டாஞ்சேரி அரண்மனைச் சுவரோவியங்களின் முன்னால் நாள்கணக்கில் உட்கார்ந்து அவற்றைப் பார்த்து வரைந்தார். புராணக் காட்சிகளில் உடலைத் தயக்கமில்லாமல் காட்டும் ஓவியங்கள் அவை.

சங்கரன்கோவிலிலிருந்து கன்னியாகுமரிக்கு இன்றைக்குக் காரில் மூன்று மணி நேரம். அம்ரிதா வந்து இறங்கிய அந்தத் தென்கோடிக்கு உடல், துணி இரண்டையும் பற்றி வேறொரு வரலாறும் உண்டு. அப்போது அது தென் திருவிதாங்கூர். 19-ம் நூற்றாண்டில் அங்கே ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்கள் மேலாடை அணிவது தடுக்கப்பட்டது. ஆதிக்க சாதியார் முன் மார்பை மறைக்காமல் இருப்பதே 'மரியாதை' என்று விதி. அதை எதிர்த்து நாடார் பெண்கள் நடத்தியதுதான் தோள்சீலைப் போராட்டம். பல பத்தாண்டுகள் நடந்த அடி, உதை, கலவரங்களுக்குப் பிறகு 1859-ல் திருவிதாங்கூர் அரசு மேலாடை அணியும் உரிமையைக் கொடுத்தது. அதிலும், ஆதிக்க சாதிப் பெண்கள் அணியும் முறையில் அணியக் கூடாது என்ற நிபந்தனை இருந்தது.

பாரிஸில் ஒரு பெண் ஓவியர் ஆடையில்லா உடலை வரைவதற்காகப் போராட வேண்டியிருந்தது. தென் திருவிதாங்கூரில் ஒரு பெண் தன் உடலை மூடிக்கொள்வதற்காகப் போராட வேண்டியிருந்தது. பார்த்தால் எதிரெதிர் போராட்டங்கள் போலத் தெரியும். ஆனால் இரண்டிலும் கேள்வி ஒண்ணுதான்: என் உடலைப் பற்றி முடிவு எடுப்பது யார்?

தெற்கு அவர் ஓவியத்தில் என்ன செய்தது?

சிம்லா திரும்பியதும் 1937-ல் அம்ரிதா மூன்று ஓவியங்களை வரைந்தார். 'மணப்பெண் அலங்காரம்', 'பிரம்மச்சாரிகள்', 'சந்தைக்குப் போகும் தென்னிந்திய கிராமத்தார்'. தென்னிந்திய முப்படம் என்று இவற்றைச் சேர்த்துச் சொல்வார்கள்.

'பிரம்மச்சாரிகள்' ஓவியத்தில் ஐந்து பேர், பூணூலும் வெள்ளை வேட்டியுமாக உட்கார்ந்திருக்கிறார்கள். மேலுடம்பில் துணி இல்லை. அதை யாராவது நிர்வாண ஓவியம் என்று சொல்வார்களா? மாட்டார்கள். எந்த அக்ரஹாரத் திண்ணையிலும் பார்க்கக்கூடிய கோலம் அது. 'மணப்பெண் அலங்கார'த்தில் நடுவில் இருக்கும் பெண்ணும் அலங்காரம் பாதியில் இருக்கும் நிலையில்தான் இருக்கிறாள். சுற்றிலும் இருப்பவர்கள் வீட்டுப் பெண்களும் குழந்தைகளும். அந்தக் காட்சியில் அந்நியக் கண் ஒன்று ஒளிந்து பார்க்கும் உணர்வே வராது.

அதாவது, உடல் அவர் ஓவியத்திலிருந்து போய்விடவில்லை. மாடல் மேடைதான் போய்விட்டது. பாரிஸ் மாடல் சம்பளம் வாங்கிக்கொண்டு, என்ன வரையப்படுகிறது என்று தெரிந்தே நின்றவர். சந்தைக்குப் போகும் கிராமத்துப் பெண்ணுக்கு அப்படி ஒரு ஏற்பாடு கிடையாது. அவரை ஆடை களையச் சொல்லி வரைந்திருந்தால் அது கோகேன் தாஹித்தியில் செய்ததன் இந்தியப் பதிப்பாகத்தான் ஆகியிருக்கும். அம்ரிதாவின் இந்தியக் கிராமத்து ஓவியங்களை வரிசையாகப் பார்த்தால் அந்தப் பக்கம் அவர் போகவில்லை என்பது தெரியும்.

அதற்காக அவர் விமர்சனத்துக்கு அப்பாற்பட்டவர் இல்லை. செல்வந்தர் வீட்டுப் பெண், வேலைக்காரர்கள் சூழ வளர்ந்தவர். அவர் ஓவியங்களில் ஏழைகள் எப்போதும் சோகமாகவே இருக்கிறார்கள், சிரிப்பதே இல்லை, சண்டை போடுவதே இல்லை என்ற குற்றச்சாட்டு உண்டு. அதில் நியாயமும் உண்டு. தூரத்திலிருந்து பார்த்தவரின் இரக்கம் அது என்று சொல்பவர்களுக்கு அந்த ஓவியங்களிலேயே ஆதாரம் கிடைக்கும்.

கடைசி மூன்று ஆண்டுகள்

1938-ல் ஹங்கேரி போன அம்ரிதா, அம்மாவின் எதிர்ப்பை மீறி, உறவினரான மருத்துவர் விக்டர் ஏகானைத் திருமணம் செய்துகொண்டார். அவர் அங்கே இருந்த நேரத்தில், சிம்லா வீட்டில் இருந்த அவருடைய கடிதங்களைப் பெற்றோர் எரித்துவிட்டார்கள். நேரு எழுதிய கடிதங்களும் அதில் போயின. உடலை மட்டுமல்ல, தன் வாழ்க்கையையே வெளிப்படையாக வைத்திருந்த ஒரு பெண்ணைக் குடும்பம் எப்படிப் பார்த்தது என்பதற்கு அந்த நெருப்பு ஒரு சாட்சி.

1939-ல் தம்பதி இந்தியா வந்து, கோரக்பூர் பக்கம் சராயாவில் அப்பா வழிக் குடும்பத்தின் பண்ணையில் தங்கினார்கள். பெரிய நகரம் இல்லை, ஓவிய நண்பர்கள் இல்லை, வருமானம் இல்லை. இருந்தும் முகலாய, பஹாடி சிற்றோவியங்களின் பாதிப்பில் புதுப்புது ஓவியங்களை அங்கே வரைந்தார். கட்டிலில் சாய்ந்து கிடக்கும் பெண், முற்றத்தில் கூடியிருக்கும் பெண்கள், யானைகள். முழுக்க ஆடை உடுத்திய அந்தப் பெண்களின் உடல்களில் பாரிஸில் படித்த பாடம் அப்படியே இருக்கிறது. துணிக்கு அடியில் எலும்பு எங்கே, எடை எங்கே என்று அந்தக் கைக்குத் தெரியும்.

1941 செப்டம்பரில் லாகூருக்குக் குடிபெயர்ந்தார்கள். அங்கே டிசம்பரில் ஒரு பெரிய தனிக் கண்காட்சிக்கு ஏற்பாடு நடந்தது. அதற்குச் சில நாள்கள் முன்பு திடீரென உடல்நிலை மோசமானது. டிசம்பர் 5 நள்ளிரவில் அவர் இறந்தார். வயது 28. சாவுக்கான காரணம் கடைசி வரை தெளிவாகவில்லை. அதே சமயத்தில் பிரிட்டன் ஹங்கேரி மீது போர் அறிவித்ததால், கணவர் விக்டர் எதிரி நாட்டுக் குடிமகனாகக் கைது செய்யப்பட்டார். ஓவியர் இல்லாமலேயே கண்காட்சி நடந்தது.

இன்றைக்கு அவர் எங்கே இருக்கிறார்?

குடும்பத்தினர் அரசுக்குக் கொடுத்த அவர் ஓவியங்கள், 1954-ல் டெல்லியில் திறக்கப்பட்ட தேசிய நவீன கலைக்கூடத்தின் முக்கியச் சேகரிப்பு. இந்திய அரசு அவர் ஓவியங்களைத் தேசியக் கலைப் பொக்கிஷமாக அறிவித்தது. இந்தியாவில் இருக்கும் அவர் ஓவியத்தை வெளிநாட்டுக்கு விற்க முடியாது. 1978-ல் அவருடைய 'மலைப் பெண்கள்' ஓவியம் தபால்தலையாக வந்தது. 2023 செப்டம்பரில் 'கதை சொல்பவர்' என்ற ஓவியம் ரூ.61.8 கோடிக்கு ஏலம் போனது. அந்த நேரத்தில் ஓர் இந்திய ஓவியத்துக்குக் கிடைத்த மிக உயர்ந்த ஏல விலை அது. அதை அவர் வரைந்தது 1937-ல். ஓவியங்களை வாங்க ஆள் தேடி ஊர் ஊராகப் போன அதே ஆண்டு.

தமிழ் வாசகர்களுக்கு இன்னொரு தொடர்பும் உண்டு. 'உறக்கம்' ஓவியத்தில் தூங்கும் தங்கை இந்திராவின் கணவர் கே.வி.கே. சுந்தரம். ஐ.சி.எஸ். அதிகாரி, இந்தியாவின் இரண்டாவது தலைமைத் தேர்தல் ஆணையர். அவர்கள் மகன்தான் புகழ்பெற்ற ஓவியர் விவான் சுந்தரம். 2023-ல் மறைந்த விவான், தாத்தா உம்ராவ் சிங் எடுத்த பழைய புகைப்படங்களையும் பெரியம்மாவின் ஓவியங்களையும் கணினியில் இணைத்துப் புதிய படங்களை உருவாக்கினார். தன்னைத் தானே படம் எடுத்த தாத்தாவும், தன்னைத் தானே வரைந்த மகளும் ஒரே சட்டகத்துக்குள் வந்து சேர்ந்தார்கள்.

கேள்வி முடிந்துவிட்டதா என்றால், இல்லை. 2017-ல் கோவா சர்வதேசத் திரைப்பட விழாவின் இந்தியப் பிரிவுக்குத் தேர்வான 'நியூட்' என்ற மராத்திப் படம், கடைசி நேரத்தில் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. மும்பையில் ஓவிய மாணவர்களுக்கு மாடலாக நின்று மகனைப் படிக்கவைக்கும் ஒரு தாயின் கதை அது. அம்ரிதா 1933-ல் வரைந்த அதே தொழிலாளி.

கையில் இருக்கும் ஃபோனில் ஒரு நாளைக்கு எத்தனை உடல்கள் கடந்து போகின்றன என்று யாரும் எண்ணுவதில்லை. அவற்றில் சில, அந்த மனிதர்களே விரும்பிப் போட்டவை. சில, அவர்களுக்குத் தெரியாமல் எடுத்துப் பரப்பப்பட்டவை. இரண்டும் ஒரே திரையில், ஒரே வெளிச்சத்தில்தான் வரும். துணி இருக்கிறதா இல்லையா என்று பார்த்து அந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க முடியாது. அந்த உடலுக்குச் சொந்தக்காரர் சம்மதித்தாரா என்பதை வைத்துத்தான் கண்டுபிடிக்க முடியும். தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பு கோகேனின் மாடல் நின்ற இடத்தில் தானே போய் நின்ற ஒரு 21 வயதுப் பெண்ணுக்கு அது தெரிந்திருந்தது.